பூக்கும் ஆப்பிள் போன்சாய்: கிளை வளர்ப்பது எப்படி?

போன்சாய் ஜப்பானியச் சொல். 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுதல். தட்டில் நட்ட மரம் குட்டையாக இருந்தால் மட்டும் போதாது; முதிர்ந்த மரத்தின் கிளையமைப்பு அதில் தெரிய வேண்டும். பூத்துக் குலுங்கும் கிராப் ஆப்பிள் போன்சாயின் படத்தைப் பார்த்த நம் சங்க அன்பர்கள் சிலர், "இதை நம் ஊரில் வளர்க்க முடியுமா?" என்று கேட்டார்கள். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இப்போது தொட்டி மரங்களோடுதான் பொழுது போகிறது. அறிந்தவரை எழுதுகிறேன்.

சாதாரண ஆப்பிளை விட்டுக் கிராப் ஆப்பிளைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. தொட்டியில் வளர்த்தால் இலை சிறுக்கும், பழம் சிறுக்காது. கிராப் ஆப்பிளின் பழம் இயல்பாகவே 5 சென்டிமீட்டருக்கு உட்பட்டது. ஆகவே சிறு மரத்துக்குப் பொருந்துகிறது.

ஆனால் ஆப்பிள் இனத்துக்குக் குளிர்கால ஓய்வு அவசியம். பல வகைகளுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரம் வரை தேவை. அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் சரியாக விழிக்காது. பாலக்காட்டில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். இங்கே அதை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள காந்தளூரில் ஆப்பிள் காய்க்கிறது. அத்தகைய மலையூர்களில் இருப்பவர்கள், குறைந்த குளிரே போதும் என்ற வகையாகப் பார்த்து முயலலாம்.

இனிக் கிளைக்கு வருவோம். ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்த உத்தரத்தில், பளு அதிகம் தாக்குவது பதிந்த இடத்தில்தான். மரமும் அதையறிந்தே கிளையின் அடியைப் பருமனாக்குகிறது. அந்தப் பருமன் வர, கிளையைத் தடையின்றி நீள விட வேண்டும். இலை பெருகினால்தான் மரம் பருக்கும். அடிக்கடி நுனி கிள்ளினால் சிறு கிளைகள் பெருகும், பருமன் வராது. ஆகவே முதலில் பருமன், பிறகு கிளைப் பெருக்கம். இந்த வரிசை மாறினால் பல ஆண்டு உழைப்பு வீணாகும்.

நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் ஊக்கி கீழிறங்கி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. கிளையைக் கிடைமட்டமாக வளைத்தால் அந்த அடக்குமுறை தளரும். பக்க மொட்டுகள் விழிக்கும், பூவும் கூடும். தூங்கும் மொட்டு ஒன்றை எழுப்ப, அதற்குச் சற்று மேலே பட்டையில் மெல்லிய கீறல் போடுவதும் உண்டு.

முதிர்ந்த ஆப்பிள் கிளை வளைத்தால் முறியும். எனவே இளந்தளிர் சற்று முற்றும்போதே, கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்குள்ள அலுமினியக் கம்பியை 45 டிகிரி சாய்வில் சுற்ற வேண்டும். வளரும் பருவத்தில் கம்பி சில வாரங்களிலேயே பட்டையில் பதிந்துவிடும். அடிக்கடி பார்த்து, பதியுமுன் வெட்டி எடுக்க வேண்டும். மரம் உச்சிக்கே அதிகம் ஊட்டம் தரும். ஆதலால் உச்சியைக் கடுமையாகவும், கீழ்க்கிளைகளை இலேசாகவும் கத்தரிக்க வேண்டும்.

ஆப்பிளின் பூ மொட்டு முந்திய கோடையிலேயே குட்டைக் கிளைகளில் உருவாகிவிடுகிறது. பூத்து முடிந்ததும் கத்தரிப்பதே நல்லது. தாமதித்தால் அடுத்த ஆண்டுப் பூவையும் சேர்த்து வெட்டுகிறோம். இளமரத்தில் காய்களைப் பெரும்பாலும் கிள்ளிவிட வேண்டும், இல்லையேல் கிளைக்குப் போக வேண்டிய ஊட்டத்தைக் காய் எடுத்துக்கொள்ளும்.

சமவெளி அன்பர்கள் மனம் தளர வேண்டாம். இதே பாடத்தைக் காகிதப்பூவில் கற்கலாம். அது நம் வெயிலை விரும்பும். அதன் முற்றிய கிளையும் முறியும் என்பதால் இளங்கிளைக்கே கம்பி. ஒரே வேறுபாடு, அது புதுத் தளிரின் நுனியில் பூப்பது. ஆகவே கத்தரித்தால் பூ போகாது, சற்றுத் தாமதமாக வரும். முதல் மூன்று ஆண்டுகள் கிளைகளை வளர விட்டு, அதன் பிறகு கத்தரியைக் கையில் எடுங்கள்.