சொந்த வண்டியா, வாடகை வண்டியா? பிரிஞ்சாங் தோட்டக்காரர்கள் கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

பிரிஞ்சாங் – தண்ணீர்ப் பம்பு, மருந்தடிக்கும் இயந்திரம், மண் உழும் சிறு இயந்திரம், குழாய், பிளாஸ்டிக் கூரைத் தாள், உர மூட்டை. கேமரன் மலையில் இரண்டு மூன்று ஏக்கரில் காய்கறி போடுபவருக்கும், தோட்ட வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவருக்கும் இவற்றை மேலும் கீழும் கொண்டுபோக ஒரு வண்டி கட்டாயம் வேண்டும். அதை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதுதான் கேள்வி.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு மாதத் தவணையையும் வாடகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பதில் சொல்லப்படுகிறது. “வாடகைக்குக் கொடுக்கும் காசைத் தவணைக்குக் கட்டினால் வண்டியாவது மிஞ்சும்” என்ற பேச்சு காதுக்கு இனிமையானது. ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு எண்கள் விடுபட்டுப் போகின்றன. ஆண்டுக்கு எத்தனை நடை ஓடும் என்பது ஒன்று. நிலம் எத்தனை ஆண்டு கையில் இருக்கும் என்பது மற்றொன்று.

தேயிலைக்கு ஒரு கணக்கு, காய்கறிக்கு வேறு

பெரிய தேயிலைத் தோட்டங்கள் சொந்த வண்டி வைத்திருப்பதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. 1929-இல் தொடங்கப்பட்ட போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் பிரிஞ்சாங்கிற்கு அருகில்தான் இருக்கிறது. தேயிலையில் ஒரு நிரையைக் கொய்தால், ஏறத்தாழ மூன்று வாரத்தில் அதே நிரை மீண்டும் தயாராகிவிடும். ஆகவே ஏதாவது ஒரு பக்கத்தில் கொழுந்து எடுக்கும் வேலை ஆண்டு முழுவதும் நடக்கும். பறித்த கொழுந்து தாமதமின்றித் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். வண்டி சும்மா நிற்பதற்கு இடமில்லை.

காய்கறி அப்படியில்லை. முட்டைக்கோஸ் நட்டு அறுக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். நடும்போது உரமும் இயந்திரமும் மேலே போக வேண்டும். அறுக்கும்போது மூட்டைகள் கீழே வர வேண்டும். இடையில் பல வாரங்களுக்கு வண்டிக்கு வேலை குறைவு. வண்டி நின்றாலும் தவணை நிற்காது.

நடைக் கணக்கு போடுவது எப்படி?

சொந்த வண்டியின் செலவில் இரண்டு வகை உண்டு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது ஒரு வகை: தவணை, காப்புறுதி, சாலை வரி, பரிசோதனை, பராமரிப்பு. ஓடினால் மட்டும் ஆவது மற்றொரு வகை: டீசல், ஓட்டுநர் கூலி.

புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. தவணை மாதம் 900 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 10,800 வெள்ளி. காப்புறுதிக்கும் சாலை வரிக்கும் 2,000, டயர், பிரேக், பரிசோதனைக்கு 2,800 என வைத்தால் மொத்தம் 15,600 வெள்ளி. வாடகை வண்டி ஒரு நடைக்கு 160 வெள்ளி. அதே நடைக்குச் சொந்த வண்டியில் 40 வெள்ளி செலவு. அப்படியானால் ஒவ்வொரு நடைக்கும் மிச்சம் 120 வெள்ளி. 15,600-ஐ 120-ஆல் வகுத்தால் 130.

அதாவது ஆண்டுக்கு 130 நடைக்கு மேல், வாரத்திற்குச் சராசரியாக இரண்டரை நடைக்கு மேல் ஓடினால்தான் சொந்த வண்டி இலாபம். அதற்குக் குறைந்தால் வாடகையே மலிவு. இந்த எண்களை எடுத்துவிட்டு அவரவர் எண்களைப் போட்டால் அவரவர் விடை கிடைக்கும். கடந்த ஓராண்டில் உண்மையில் எத்தனை நடை எடுத்தோம் என்று பழைய ரசீதுகளை எண்ணிப் பார்ப்பதே இதில் முக்கியமான வேலை. நினைவில் இருக்கும் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

டீசல் விலையையும் மறக்கக் கூடாது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தது. ஒரு நடைக்கு 30 லிட்டர் ஊற்றும் வண்டிக்கு, அந்த ஒரே நாளில் 36 வெள்ளி கூடியது. சொந்தக்காரர் அதை உடனே தாங்க வேண்டும். வாடகைக்கு எடுப்பவருக்கு அது சற்றுத் தாமதமாக வாடகை உயர்வாக வந்து சேரும்.

டிரெய்லர் மலிவா?

இருக்கும் ஃபோர் வீல் வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லரைப் பூட்டிக்கொள்ளலாமே என்ற யோசனையும் சிலருக்கு வரும். எஞ்சின் இல்லாததால் விலை குறைவு. ஆனால் சாலையில் இழுக்க வேண்டுமானால், ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையில் அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

சாலையும் யோசிக்க வைக்கிறது. தாப்பா சாலையும் சரி, தோட்டத்து உள்பாதைகளும் சரி, வளைவும் சரிவும் நிறைந்தவை. இறக்கத்தில் பாரம் ஏற்றிய டிரெய்லர் முன் வண்டியைத் தள்ளும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் முழுச் சுமையும் முன் வண்டியின் பிரேக்கில் விழும். குறுகிய பாதையில் எதிரே வண்டி வந்தால் பின்னுக்கு எடுப்பதும் பெரும்பாடு. சமதரையில் நல்ல தீர்வாக இருப்பது மலையில் அப்படி இருக்காது.

கேமரன் மலையில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம். சேற்றுப் பாதையில் ஏறி இறங்க அவற்றைப் போன்ற ஃபோர் வீல் வண்டிகள் போதும். பொதுச் சாலைக்கு வந்தால் அவற்றுக்கும் சாலை வரியும் காப்புறுதியும் தேவை.

வண்டி சொந்தம், தொழில் சொந்தமா?

“நம் வேலை போக மீதி நாளில் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓட்டினால் தவணை வந்துவிடும்” என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது.

2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் சரக்கு வண்டி உரிமங்கள் இரண்டு வகை. கட்டணம் வாங்கிப் பிறர் சரக்கை ஏற்றுபவருக்கு ஏ உரிமம். தன் தொழிலுக்கான சொந்தச் சரக்கை ஏற்றுபவருக்கு சி உரிமம். சி உரிமத்தில் ஓடும் வண்டியில் பக்கத்துத் தோட்டத்து மூட்டையைக் காசுக்கு ஏற்றினால் அது உரிம மீறல். அந்த நடையில் விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீட்டிலும் சிக்கல் எழும். வண்டியின் எடையைப் பொறுத்து நிபந்தனைகள் மாறும் என்பதால், முன்பணம் கட்டும் முன்பே ஜேபிஜேயிலும் அபாட் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. வாடகை வருமானத்தைக் கணக்கில் சேர்த்துக் கடன் வாங்குவது ஆபத்து.

கடன் நீளம், நில அனுமதி குட்டை

இந்த மலையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி நிலம். டிஓஎல் எனப்படும் தற்காலிக நில அனுமதியில் பயிர் செய்பவர்கள் இங்கு ஏராளம். தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த அனுமதி அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அனுமதி வைத்திருப்பவர் இறந்தால் அனுமதியும் அதோடு முடிகிறது. பிள்ளைகளுக்கு வாரிசாக வராது.

வண்டிக் கடனோ ஐந்து, ஏழு ஆண்டு நீளும். அப்பா பெயரில் நிலம், அப்பா பெயரில் கடன், மகன் ஜாமீன் என்று இருக்கும் குடும்பத்தில் அப்பா காலமானால் நிலம் போய்விடலாம், கடன் நிற்கும். ஜாமீன் போட்ட மகனைத்தான் வங்கி தேடி வரும்.

1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் வண்டியைப் பறிக்க முடியும். அதற்கும் 21 நாள் எழுத்துமூல அறிவிப்பு வேண்டும். கடன் வாங்கியவர் இறந்திருந்தால் தொடர்ந்து நான்கு தவணை தவறியிருக்க வேண்டும். நான்கில் மூன்று பங்கிற்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு தேவை. ஆனால் சரக்கு வண்டிகளில், பாரத்தோடு சேர்த்து 2,540 கிலோ வரையிலான எடையுள்ளவைக்கு மட்டுமே இந்தச் சட்டம் பொருந்தும். லோரிகளில் பல அந்த எல்லையைத் தாண்டிவிடும். அப்போது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே சட்டம். கிராண்டில் உள்ள எடையையும் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க வேண்டியது இதனால்தான்.

வெள்ளமும் மண்சரிவும்

2013 அக்டோபரில் பெர்தாம் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட வெள்ளம் உயிர்களோடு வீடுகளையும் வாகனங்களையும் அடித்துச் சென்றதை மலைவாசிகள் மறக்கவில்லை. வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளமும் மண்சரிவும் தாமாகச் சேராது. சிறப்பு இடர் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு, கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். வாங்குபவர் இதையும் ஆண்டுச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும். வாடகை வண்டி என்றால் இந்தச் செலவு வண்டிக்காரருடையது. ஆனால் ஏற்றிய பம்புக்கும் இயந்திரத்துக்கும் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

நடுவழி உண்டா?

உண்டு. உள்பாதைக்கு மட்டும் விலை குறைந்த பழைய ஃபோர் வீலைக் கடனில்லாமல் வாங்கிக்கொண்டு, கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தை வரையிலான நீண்ட ஓட்டத்துக்கு வாடகை லோரியைப் பயன்படுத்துவது ஒரு வழி. நடவு, அறுவடை மாதங்களுக்கு மட்டும் மாத வாடகை பேசிக்கொள்வது இன்னொரு வழி.

மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து வாங்குவது மூன்றாவது வழி. ஒருவர் பெயரில் வாங்கி வாய்ப்பேச்சில் பங்கு போட்டால் உறவும் கெடும், உரிமமும் கெடும். கூட்டுறவாகவோ நிறுவனமாகவோ முறையாகப் பதிவு செய்து வாங்குவதே பாதுகாப்பு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளர்களின் சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. சேர்ந்து வாங்குவது நம் சமூகத்துக்குப் புதிதல்ல.

மொத்தத்தில் மூன்று கேள்விக்கும் ‘ஆம்’ என்றால் வாங்கலாம். சொந்த வேலைக்கே போதுமான நடை இருக்கிறதா? நிலம் கடன் முடியும்வரை கையில் இருக்குமா? மூன்று மாதம் வருமானம் இல்லாவிட்டாலும் தவணை கட்ட முடியுமா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், இந்த ஆண்டு வாடகைக்கு எடுத்து, ரசீதுகளைப் பத்திரமாக வைத்து, அடுத்த ஆண்டு மறுபடியும் கணக்குப் போடுவதே நல்லது.