ஊருக்கு ஊர் உச்சிவேளை

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பிள்ளைகளோடு ஜந்தர் மந்தர் போயிருந்தோம். நிழல் காட்டிய நேரம் கைக்கடிகாரத்துக்குப் பிந்தியே இருந்தது. பழுதாகிவிட்டதா?"

பழுதில்லை. நம் கடிகாரங்கள் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன. டெல்லி இருப்பதோ 77.2 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், டெல்லியில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.21 மணிக்கு. நவம்பர் தொடக்கத்தில் 12.05 வாக்கிலேயே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12.35 ஆகும். பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் செய்கிற வேலை இது.

பின்னாளில் ஜெய்ப்பூரை உருவாக்கிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1724 வாக்கில் எழுப்பிய அந்த வளாகத்தில், என்னை நகரவிடாமல் நிறுத்துவது சாம்ராட் யந்திரம் என்னும் சூரியக் கடிகாரம். சுமார் 21 மீட்டர் உயர முக்கோணச் சுவர். அதன் சாய்ந்த விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 28.6 பாகை, டெல்லியின் அட்சரேகையும் அதுவே. அதனால்தான் அந்த விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக, துருவ நட்சத்திரம் இருக்கும் திசையைப் பார்க்கிறது. ஜெய்ப்பூரில் அதே மன்னர் கட்டியதற்குச் சாய்வு 27 பாகைதான். அந்தந்த ஊருக்கு அந்தந்தக் கோணம்.

இந்தப் பாடம் ரோமானியருக்குத் தாமதமாகவே கிடைத்தது. கி.மு. 263இல் சிசிலியின் கட்டானியாவைப் பிடித்த தளபதி வலேரியஸ் மெசாலா, அங்கிருந்த சூரியக் கடிகாரத்தைப் பெயர்த்து வந்து ரோம் நகரின் நடுச் சதுக்கத்தில் வைத்தார். கட்டானியா, ரோமுக்குத் தெற்கே 4 பாகைக்கும் மேல் தள்ளியிருக்கிறது. என் அண்ணாவின் பவர் கண்ணாடியை நான் மாட்டிக்கொண்டு படிப்பதைப் போலத்தான். கோடுகளோடு நிழல் பொருந்தவில்லை. இருந்தும் 99 ஆண்டுகள் அதையே நம்பி நடந்தார்கள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. கி.மு. 164இல்தான் மார்சியஸ் பிலிப்பஸ் சரியான ஒன்றை அதன் பக்கத்தில் நிறுவினார்.

நம் கதை நேர்மாறு. கருவி சரியாக அமைந்திருக்கிறது. சுற்றிலும் எழுந்த உயரக் கட்டடங்கள் வானத்தை மறைக்கின்றன. வருகிறவர்களும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நிழலைப் படிப்பதில்லை.

அம்மா, உங்கள் மொட்டைமாடியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, 12 மணியிலிருந்து நிழல்நுனியைப் பிள்ளைகள் குறிக்கட்டும். மிகக் குட்டையான நிழல் விழும் கணமே கிட்வாய் நகரின் உச்சிவேளை. அதைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு, ஜந்தர் மந்தரின் வெயிலை மறைக்கும் கட்டடத்தைப் பார்த்தால் கோபம் வரும். அந்தக் கோபம் இந்த நகரத்துக்குத் தேவை.