சுவரில் எழுதியது ராத்திரியில் மாறினால்?

நாம் சுவரில் ஒட்டிப் படிக்கிறோம். சுவரில் எழுதியதை வெச்சே ஒரு கூட்டத்தை ஏமாத்தின கதை தெரியுமா? அதுதான் 'விலங்குப் பண்ணை' நாவல். எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். இவர் 1903-ல் நம் நாட்டில், பீகாரில் உள்ள மோதிஹாரியில் பிறந்த ஆங்கிலேயர். நாவல் 1945-ல் வெளிவந்தது.

கதை இதுதான். பண்ணை முதலாளியை விலங்குகள் விரட்டிவிடுகின்றன. இனி நமக்குள் உயர்வு தாழ்வு கிடையாது என்று 7 சட்டங்களைச் சுவரில் எழுதுகின்றன.

முதல் ஊழல் எதில் தெரியுமா? பாலில்! கறந்து வைத்த பாலைக் காணோம். பன்றிகளே எடுத்துக்கொண்டன. ஆப்பிளும் அவைகளுக்கே. ஏன்னு கேட்டால், மூளை வேலைக்குச் சத்து வேணுமாம்! மற்ற விலங்குகள் பேசாமல் இருந்துவிட்டன. பிறகு நெப்போலியன் என்ற பன்றி, நாய்களை ஏவி மற்றவர்களைப் பயமுறுத்திச் சர்வாதிகாரி ஆகிறது.

பன்றிகள் கட்டிலில் படுக்கின்றன, மது குடிக்கின்றன. இதெல்லாம் கூடாதுன்னுதானே சட்டம்? ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரில் இரண்டொரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். க்ளோவர் என்ற குதிரைக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் அதற்கு வாசிக்க வராது. மூரியல் என்ற ஆட்டைப் படிக்கச் சொல்கிறது. எங்க ஆயாவும் எந்தத் தாள் வந்தாலும், "என்னன்னு படிச்சுச் சொல்லு கண்ணு"ன்னு என்கிட்டதான் தருவாங்க.

ரஷ்யாவில் 1917-ல் ஏழைகளுக்காகப் புரட்சி நடந்தது. பின்பு ஸ்டாலின் ஆட்சியில் அதிகாரிகளுக்குத் தனிக் கடைகள், எதிர்த்தவர்களுக்குச் சிறை. நெப்போலியன் என்பது ஸ்டாலின்தான். அதனால் சோவியத் நாட்டில் இந்த நாவலுக்குப் பல வருடம் தடை இருந்தது.

பாக்ஸர் என்ற குதிரைதான் பண்ணையில் அதிகம் உழைத்தது. அதற்குத் தெரிந்தது ஏ, பி, சி, டி நாலே எழுத்து. அது நோயில் விழுந்ததும், ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். அது குதிரைகளை அறுப்பவனுடைய வண்டி! வண்டியில் எழுதியிருந்ததைப் படித்துக் கத்தியது பெஞ்சமின் என்ற கழுதை. அதற்கு முதலிலிருந்தே நன்றாக வாசிக்கத் தெரியும். ஆனால் ஒருநாளும் யாருக்கும் படித்துச் சொன்னதில்லை. கடைசியில் கத்தி என்ன பிரயோஜனம்? வண்டி போய்விட்டது.

வாசிக்கத் தெரியாதது குதிரையின் குற்றம் இல்லை. தெரிந்தும் சும்மா இருந்தது கழுதையின் குற்றம். ஆகவே நண்பர்களே, படிப்போம். படித்ததை மத்தவங்களுக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுவோம்.

— 9-ஆம் வகுப்பு மாணவி