திருடன் கையில் சாவி

மதிலுக்கு அப்பால் – 9

'திருடன் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அதையே தொழிலாக நடத்திவரும் நிறுவனம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. பெயர் டிம்ப்சன். 1865-இல் மான்செஸ்டர் நகரில் செருப்புக் கடையாகத் தொடங்கியது. இன்று தேய்ந்த ஷூவுக்கு ஹீல் மாற்றுவது, டூப்ளிகேட் சாவி போடுவது, வாட்ச் ரிப்பேர், டிரை கிளீனிங் எல்லாம் உண்டு. சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில்கூட ஒரு பெட்டிக்கடை போல நின்றுகொண்டிருக்கும். குழுமம் முழுவதையும் சேர்த்தால் 2,000-க்கும் மேற்பட்ட கடைகள். ஊழியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் சிறையிலிருந்து வந்தவர். அவர்களிடம்தான் ஊரார் தங்கள் வீட்டுச் சாவியை நீட்டி, 'இன்னொன்று போட்டுக் கொடுங்கள்' என்கிறார்கள்.

இது 2002-இல் தொடங்கியது. நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றிருந்த ஜேம்ஸ் டிம்ப்சன், வாரிங்டன் அருகே உள்ள தார்ன் கிராஸ் என்ற திறந்தவெளிச் சிறையைப் பார்க்கப் போனார். அவருக்குச் சுற்றிக் காட்டியவர் அங்கே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த இளைஞர். பையனின் பேச்சும் துருதுருப்பும் பிடித்துப்போனது. வெளியே வந்ததும் வேலை தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். சொன்னபடி தரவும் செய்தார். அந்த இளைஞர் நன்றாகக் கடை நடத்தினார். அதன்பிறகு ஜேம்ஸ் ஆள் தேடி மற்றச் சிறைகளுக்கும் போக ஆரம்பித்தார்.

சிறைவாசல் அவருக்குப் புதிதல்ல. தாயார் அலெக்ஸ், பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர். முப்பது ஆண்டுகளில் சுமார் தொண்ணூறு பிள்ளைகள். அவர்களில் சிலருடைய அம்மாக்கள் சிறையில் இருந்தார்கள். கைக்குழந்தையை அதன் தாயிடம் காட்ட அலெக்ஸ் உள்ளே போவார். சிறுவன் ஜேம்ஸ் வெளியே காரில் உட்கார்ந்திருப்பான்.

சிறைக்குள் தொழில் சொல்லிக்கொடுப்பது புதிய யோசனை இல்லை. தச்சு, தையல், நெசவு, ரொட்டி என்று ஏதோ ஒன்று எல்லா நாட்டுச் சிறைகளிலும் நடக்கிறது. கைதி கற்றுக்கொள்கிறார், சான்றிதழும் வாங்குகிறார். விடுதலையான மறுநாள் அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் அரசு 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, விடுதலையாகி ஓராண்டுக்குள் முறையான வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர். தண்டனை பெற்றவரை வேலைக்கு எடுப்பது பற்றி யோசிக்கவே மாட்டோம் என்று கருத்துக் கணிப்பில் சொன்ன முதலாளிகள் பாதிப்பேர்.

விடுதலை நாளே ஒரு சோதனைதான். வாசலில் கையில் கொடுக்கும் பணம் 1995-லிருந்து 46 பவுண்டாகவே இருந்தது. அதை 76 ஆக்க 2021 வரை ஆனது. இன்னொரு கொடுமை வெள்ளிக்கிழமை. ஏராளமானோர் அன்றைக்குத்தான் வெளியே வருவார்கள். தங்க இடம், உதவித்தொகை, மருந்துச் சீட்டு என்று அலுவலகம் அலுவலகமாக அலைவதற்குள் மாலை ஆகிவிடும். பிறகு இரண்டு நாள் விடுமுறை. பழைய கூட்டாளிகளுக்கு விடுமுறை கிடையாது. தேவைப்படுபவர்களை ஓரிரு நாள் முன்னதாகவே அனுப்பிவிடலாம் என்று 2023-இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இத்தனை எளிய விஷயம் சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு இவ்வளவு காலம்!

டிம்ப்சன் செய்தது, விடுதலை நாளுக்கு முன்பே வேலையை முடிவு செய்தது. லிவர்பூல் உள்ளிட்ட சில சிறைகளுக்குள் பயிற்சிக்கூடம் போட்டார்கள். வெளியே கடையில் இருக்கும் அதே இயந்திரம், அதே கல்லா. ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை இன்னும் வேடிக்கை. பிரிட்டனில் குழந்தைகள் படிக்கும் 'மிஸ்டர் மென்' புத்தகங்களில் வருவது போன்ற கேலிச்சித்திரங்கள் அச்சிட்ட ஒரு தாள்: மிஸ்டர் சுறுசுறுப்பு, மிஸ்டர் சோம்பேறி, மிஸ்டர் உதவிக்கரம் என்கிற தினுசில். நேர்காணல் செய்பவர் எதிரே இருக்கும் ஆள் எந்தப் படத்துக்குப் பொருந்துகிறார் என்று குறிப்பார். ஹீல் ஒட்டுவதைப் பிறகு சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம், குணத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது அவர்கள் கட்சி.

தண்டனையின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களில் நம்பகமானவர்களுக்கு, பகலில் வெளியே வேலைக்குப் போய்விட்டு மாலையில் சிறைக்குத் திரும்பும் அனுமதி கிடைக்கும். டிம்ப்சன் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காலையில் கைதி, பத்து மணிக்குக் கடைக்காரர், இரவில் மறுபடியும் கைதி. விடுதலையாகும்போது அவருக்கு அது வேலைக்குப் போகும் இன்னொரு நாள்தான்.

கடைக்குள் விதிகள் இரண்டே இரண்டு: பார்க்க ஒழுங்காக இரு, வாங்கும் பணத்தைக் கல்லாவில் போடு. வாடிக்கையாளர் ஒருவர் குறை சொன்னால் 500 பவுண்டு வரை செலவழித்து அதைத் தீர்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எல்லா ஊழியருக்கும் பொதுவான ஏற்பாடு இது. ஆனால் அறையைவிட்டு வெளியே வரக்கூட வார்டனின் சாவிக்கொத்தை எதிர்பார்த்து வருடக்கணக்கில் இருந்துவிட்டு வந்த ஒருவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தொழில் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கைக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறோம். தானே முடிவெடுக்கும் பழக்கம் சிறையில் மழுங்கிப் போயிருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

ஜேம்ஸ் இதைத் தர்மகாரியமாகப் பேசுவதில்லை. நல்ல ஆள்கள் கிடைக்கிறார்கள், விசுவாசமாக நிலைத்து நிற்கிறார்கள் என்று வியாபாரியின் குரலில்தான் சொல்வார். அதை நாமும் வியாபாரியின் கண்ணால் பார்ப்பது நல்லது. இவர்கள் எல்லாரையும் எடுப்பதில்லை. பாலியல் குற்றவாளிகளுக்கு இடமே கிடையாது. மற்றவர்களிலும் சிரித்த முகமும் சூட்டிகையும் உள்ளவர்களாகப் பொறுக்கியெடுக்கிறார்கள். அப்படிப் பொறுக்கியவர்களில் மிகச் சிலரே மீண்டும் குற்றம் செய்கிறார்கள் என்றால், அதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, பொறுக்கிய கண்ணின் பங்கு எவ்வளவு? யாரிடமும் சிரிக்கத் தெரியாதவர், எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுபவர், போதையிலிருந்து இன்னும் மீளாதவர் – இவர்கள் அந்தப் படத்தாளில் எந்தப் படத்துக்கும் பொருந்துவதில்லை. சிறையில் கூட்டமோ இவர்கள்தான்.

அந்தக் கூட்டம் இப்போது ஜேம்ஸின் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது. 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த கியர் ஸ்டார்மர், அவரைப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பிச் சிறைத்துறை அமைச்சராக்கினார். சிறையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அங்கே இருக்க வேண்டியவர்கள் என்று அதே ஆண்டு தொலைக்காட்சியில் பேசியிருந்த மனிதர்! இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் அப்போது 87,000-க்கும் மேற்பட்டோர். புதிதாக வருபவரைப் போட இடமில்லை. செப்டம்பர் 10 அன்று, தண்டனையில் நாற்பது சதவீதம் முடித்த சுமார் 1,700 பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். இது அறையைக் காலி செய்வதற்காகச் செய்த விடுதலை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே ஒரு வேலையைப் பேசி வைக்க அவகாசம் எங்கே இருந்தது?

அமைச்சராவதற்கு முன்பே அவர் தொடங்கிவைத்த வேறொரு ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு சிறைக்கும் அந்தப் பகுதி முதலாளிகள் சிலரைக் கொண்ட ஆலோசனைக் குழு. உள்ளே என்ன தொழில் கற்பித்தால் வெளியே தாங்கள் ஆள் எடுப்போம் என்று அவர்களே வந்து சொல்ல வேண்டும். கட்டட வேலைக்கு ஆள் தேவைப்படும் ஊரில் சிறைக்குள் பூந்தொட்டி செய்யப் பழக்கிக்கொண்டிருப்பது குறையும் என்பது கணக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சிறைகளில் இந்தக் குழுக்கள் அமைந்தன. ஆனால் குழு பேசிமுடித்த பிறகும் பகல்நேர அனுமதியில் கையெழுத்துப் போட வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர்தான். போனவன் ஒருவன் திரும்பாவிட்டால் மறுநாள் பத்திரிகையில் வரப்போவது அவர் பெயர். அந்தப் பயத்தைத் தானே சுமப்பதாக அமைச்சர் பகிரங்கமாகச் சொன்னால் கையெழுத்துகள் கூடும். ஊழியருக்கு 500 பவுண்டை நம்பிக் கொடுத்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

(தொடரும்)