அகச்சிவப்பு காட்டிய அண்டை இணை

விண்மீனின் வாழ்வைத் தீர்மானிப்பது அதன் நிறை. விண்ணில் தனித்திருக்கும் ஒன்றை எந்தத் தராசில் நிறுப்பது? ஒன்றையொன்று சுற்றிவரும் இணைகளே அத்தராசாக உதவுகின்றன. சுற்றுக்காலமும் இடைத்தொலைவும் தெரிந்தால் மொத்த நிறையைக் கணக்கிடலாம். பொதுமையத்திலிருந்து விலகியுள்ள அளவு தனித்தனி நிறையை உணர்த்தும்.

சூரியனிலிருந்து 6.5 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள லூமன் 16 என்னும் இணையை, வைஸ் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்களைக் கொண்டு 2013இல் கெவின் லூமன் கண்டறிந்தார். வெப்பம் குறைந்த அவ்விணை கண்ணுறு ஒளியை மிகக் குறைவாகவே வெளியிடுவதால், அத்துணை அருகிலிருந்தும் நெடுங்காலம் அறியப்படாதிருந்தது.

ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் அவற்றின் நிறைகள், வியாழனின் நிறையைப்போலச் சுமார் 34, 28 மடங்கு எனக் கணக்கிடப்பட்டுள்ளன. ஹைட்ரஜன் அணுக்கரு இணைவால் நிலைத்து ஒளிர ஏறத்தாழ 75 மடங்கு நிறை வேண்டும். எனவே அவை விண்மீன்கள் அல்ல. விண்மீனாக நிறை போதாத பழுப்புக் குறுமீன்கள்.