காந்தம் காட்டிக்கொடுத்த துரு: பழைய பிக்கப்பை மீட்டெடுக்கும் அறிவியல்

பழைய வண்டி வாங்கப் போகும்போது கையில் என்ன எடுத்துச் செல்ல வேண்டும்? டார்ச் விளக்கு, ஸ்பேனர் என்று சொல்வோம். என் நண்பர் ஒருவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த சிறு காந்தத்தைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

விற்பனைக்கு நின்றது 1970களில் செய்யப்பட்ட டட்சன் 620 பிக்கப். நீலச் சாயம் பளபளத்தது. நண்பர் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவில் வைத்தார், ஒட்டியது. கூரையில் வைத்தார், ஒட்டியது. கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் வைத்தார், பொத்தென்று விழுந்தது.

அந்த இடத்தில் இரும்பே இல்லை. துரு தின்று ஓட்டை விழுந்த பகுதியை யாரோ பட்டி வைத்து நிரப்பிச் சாயம் பூசியிருந்தார்கள். பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினும் தூளாக்கிய கனிமமும் சேர்ந்த கலவை. காந்தம் அதைக் கவராது. கண்ணை ஏமாற்றிய சாயம் காந்தத்திடம் தோற்றது.

விலையைக் குறைத்துப் பேசி, நண்பர் அந்த வண்டியையே வாங்கினார். அவருடைய அப்பா இதே மாதிரி பிக்கப்பில்தான் தேங்காய் ஏற்றிச் சந்தைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு நண்பர்கள் கூடி அதை மீட்டெடுத்தோம். அப்போது கற்ற பாடங்களில் பாதி வேதியியல், மீதி இயற்பியல்.

ஏணியின் மேல் ஒரு வண்டி

இன்றைய கார்களில் உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பழைய பிக்கப் அப்படியல்ல. நீளவாக்கில் இரண்டு எஃகுத் தண்டுகள், அவற்றை இணைக்கும் குறுக்குத் தண்டுகள் என ஏணி போன்ற ஒரு சட்டம் அடியில் இருக்கும். எஞ்சின், ஓட்டுநர் அறை, சுமைத்தொட்டி எல்லாம் அந்த ஏணியின் மேல் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். 1968இல் வெளிவந்த முதல் டொயோட்டா ஹைலக்ஸ், 1972 முதல் 1979 வரை தயாரான டட்சன் 620 இரண்டுமே இந்த வகைதான்.

வீட்டுக் கொட்டகையிலேயே மீட்டெடுக்க இதுவே வசதி. போல்ட்டுகளைக் கழற்றினால் சுமைத்தொட்டியை நான்கு பேர் தூக்கி அப்பால் வைத்துவிடலாம். ஆனால் போல்ட்டுகள் எளிதில் கழல்வதில்லை. எஃகு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. மரைகளுக்கு இடையே வளரும் துரு ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும்.

இதற்கு மருந்து சூடு. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் எஃகு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரிகிறது. 12 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை 300 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் துளை சுமார் 0.04 மில்லிமீட்டர் அகலும். முடியின் தடிமன்கூட இல்லைதான். ஆனால் துருவின் பிடி தளர அது போதும். போல்ட்டை விட்டுவிட்டு நட்டை மட்டும் சூடேற்ற வேண்டும் என்பதே சூட்சுமம். பெட்ரோல் தொட்டியையும் குழாய்களையும் முதலில் அகற்றாமல் தீயைப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது.

ஒரு துளிக்குள் மின்கலம்

துரு ஏன் சில இடங்களை மட்டும் தேடித் தின்கிறது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ் 1920களில் இதற்கு ஓர் அழகான சோதனையால் விடை தந்தார். தேய்த்துச் சுத்தம் செய்த எஃகுத் தகட்டில் ஒரு துளி உப்புநீர் வைத்தார். அந்த நீரில் இரண்டு நிறங்காட்டிகளைக் கலந்திருந்தார். ஒன்று, கரைந்த இரும்பைக் கண்டால் நீலமாகும். மற்றது, காரத்தன்மையைக் கண்டால் இளஞ்சிவப்பாகும். சற்று நேரத்தில் துளியின் நடுவே நீலம். ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் துளியின் ஓரத்தில் எளிதாகக் கரைகிறது. நடுப்பகுதிக்கு அது போய்ச் சேர நேரமாகும். ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் எஃகு வழியாக ஓரத்துக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. ஒரு சொட்டு நீர் ஒரு குட்டி மின்கலமாகிவிடுகிறது. கரைந்த இரும்பும் காரமும் சந்திக்கும் இடத்தில் செந்நிறத் துரு படிகிறது.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. துரு உண்டாக ஆக்சிஜன் வேண்டும். ஆனால் இரும்பு அரிக்கப்படுவது ஆக்சிஜன் குறைந்த இடத்தில். பழைய வண்டியை வாங்கும் எவரும் மறக்கக்கூடாத விதி இது. திறந்த கூரையைவிட, ரப்பர் விரிப்புக்கு அடியிலுள்ள தரை, சக்கர வளைவில் சேறு ஒட்டிய மூலை, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பு, கதவின் கீழ் விளிம்பு ஆகியவையே முதலில் போகும். ஈரம் அங்கே தங்கும், காற்று நுழையாது.

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் எஃகின் மேல் துருவின் வேகம் கூடத் தொடங்குகிறது. நம் நாட்டில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டையொட்டி இருக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். உப்பு கரைந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும்.

துருவை எடுக்கும் வழிகள்

முதல் வழி சுரண்டுவது: கம்பித் தூரிகை, உப்புத்தாள், மணல் வீச்சு. பெரிய பாகங்களுக்கு இதுவே ஏற்றது. மெல்லிய தகட்டில் மணலை வேகமாக வீசினால் தகடு நெளிந்துவிடும்.

இரண்டாவது வழி மின்னாற்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் நீர், அதில் சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் மின்னேற்றியின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். இரும்பிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கியதால் உண்டானது துரு. இங்கே அவற்றை மீண்டும் தள்ளுகிறோம். செந்துருவின் ஒரு பகுதி கரிய மேக்னடைட்டாக மாறும். எழும்பும் குமிழிகள் மீதியைத் தளர்த்திவிடும்.

மூன்று எச்சரிக்கைகள். குமிழிகளில் இருப்பது ஹைட்ரஜன். ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். எனவே திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைப் போடாதீர்கள். அதிலிருந்து புற்றுநோயை உண்டாக்கும் குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். சுருள்வில், வலிமை மிகுந்த போல்ட் போன்றவற்றை இந்தத் தொட்டியில் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும்.

மூன்றாவது வழி துருவையே காவலாளியாக மாற்றுவது. பாஸ்பாரிக் அமிலம் மெல்லிய துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டானிக் அமிலம் கருநீலப் படலமாக மாற்றுகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புச் சாயம் கிடைக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடுகளில் இருப்பதும் இதே வேதியியல்தான். 1,600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கும் டெல்லி இரும்புத் தூண் பெரிதாக அரிக்கப்படாததற்கு, அதன் இரும்பிலுள்ள மிகுதியான பாஸ்பரஸால் உண்டான பாஸ்பேட் படலமே முக்கியக் காரணம் என்று கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார்.

ஆனால் இந்த மருந்துகள் மேல்துருவுக்குத்தான். ஓட்டை விழுந்த இரும்பை எந்த அமிலமும் மீட்டுத் தராது.

சட்டத்தில் ஒரு பொத்தல்

எங்களுக்குச் சோதனை அங்கேதான் வந்தது. அடுத்த மாதம் பழைய வண்டிக்காரர்களின் சந்திப்பு. எங்கள் பிக்கப்பையும் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டோம். பின்சக்கரத்தின் பட்டைவில் தொங்கும் இடத்தில் சட்டத்தைத் தட்டிப் பார்த்தபோது, சுத்தியல் ‘டிங்’ என்று ஒலிக்காமல் ‘தொப்’ என்றது. சுரண்டினோம், விரல் உள்ளே போனது.

பட்டி வைத்து, கறுப்புச் சாயம் பூசினால் யாருக்கும் தெரியாது. சந்திப்புக்கும் போய்விடலாம். நால்வரில் ஒருவர் அதைச் சொல்லவும் செய்தார்.

ஏன் கூடாது? பின்பக்கச் சுமை முழுவதும் பட்டைவில்லின் இரு நுனிகள் வழியாகத்தான் சட்டத்துக்கு ஏறுகிறது. மூன்று மில்லிமீட்டர் தகட்டில் ஒரு மில்லிமீட்டரைத் துரு தின்றால், சுமை தாங்கும் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதைவிட மோசம், துரு குடைந்த குழிகள். சுமையின் விசை குழியின் ஓரத்தில் குவிகிறது. சாலைப் பள்ளம் ஒவ்வொன்றிலும் சக்கரம் இறங்கி ஏறும்போது அங்கே ஒரு கீறல் மயிரிழை மயிரிழையாக வளரும். உலோகச் சோர்வு என்பது இதுதான். ஒருநாள் நெடுஞ்சாலையில், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், அது முறியும். அப்போது பாதிக்கப்படப் போவது நாங்கள் மட்டுமல்ல, பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரும்தான்.

சந்திப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டோம். அனுபவமுள்ள பற்றவைப்பாளர் ஒருவர் கெட்ட பகுதியை, நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்தார். புதுத் தகட்டை நேர்ச்சதுரமாக வெட்டாமல் இரு நுனியும் சாய்ந்த வடிவில் வெட்டினார். நேர்செங்குத்தாகப் பற்றவைத்தால் வெப்பத்தால் வலுவிழந்த பகுதி முழுவதும் ஒரே கோட்டில் அமைந்து, அங்கேயே முறியும் வாய்ப்பு கூடும். சாய்வாக வைத்தால் விசை பரவும். சட்டத்தில் பொறித்த எண்ணின் பக்கம் அவர் சாணைக்கல்லைக் கொண்டுபோகவே இல்லை. அந்த எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவு அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சினை மாற்றுவதென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும்.

பூசும் வரிசை

சுத்தமான எஃகின் மேல் முதலில் துத்தநாகம் நிறைந்த அடிப்பூச்சு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும். ஆகவே பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். அதன்மேல் நீரைத் தடுக்கும் எப்பாக்சி, பிறகு நிறச்சாயம், கடைசியில் மெருகு. சட்டத்தின் உட்பகுதிக்குத் திரவ மெழுகைப் பீய்ச்ச வேண்டும். நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

இரண்டு கலவைகளைச் சேர்த்துப் பூசும் நவீனச் சாயங்களில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் தீராத ஆஸ்துமா வரலாம். வெறும் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. இந்த வேலையைக் காற்றோட்டமும் தகுந்த சுவாசக் கருவியும் உள்ள பட்டறையிடம் விட்டுவிடுவதே நல்லது.

எஞ்சினும் பிரேக்கும்

அந்தக் கால எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஈயம் எஞ்சின் ‘தட்டுவதை’த் தடுத்தது, வால்வு அமரும் விளிம்பில் மெல்லிய படலமாகவும் படிந்து அதைக் காத்தது. ஆனால் அதே ஈயம் புகையில் வெளியேறிக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. சிங்கப்பூர் 1998இல் அதைக் கைவிட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. ஈயமில்லாப் பெட்ரோலில் வேகமாகவும் நெடுநேரமும் ஓடினால், சில பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்களில் வால்வு விளிம்பு தேயும். எஞ்சினைப் பிரிக்கும்போதே கடினமாக்கப்பட்ட எஃகு வளையம் பொருத்திவிட்டால் கவலை இல்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலைச்சாலை இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால், குழாயில் ஆவி நிறையும். ஆவி அழுந்தும்; மிதியடி தரைவரை போகும், வண்டி நிற்காது. எனவே பழைய எண்ணெயை முழுதாக மாற்றுங்கள். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

காட்ட வேண்டியது எது?

ஓராண்டு தாமதமாகத்தான் எங்கள் பிக்கப் சந்திப்புக்குப் போனது. அங்கே இரண்டு கட்சிகள் எப்போதும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் மின்ன வேண்டும் என்பது ஒன்று. மங்கிய சாயமும் சிறு நசுங்கலும் வண்டியின் வரலாறு, அவற்றைத் தொடாதே என்பது மற்றொன்று. அழகைப் பொறுத்தவரை இரண்டும் சரிதான். சட்டம், பிரேக், ஸ்டீரிங் ஆகிய மூன்றில் மட்டும் இரண்டு கருத்துக்கு இடமில்லை. நாங்கள் சுமைத்தொட்டியின் உட்புறக் கீறல்களை அப்படியே விட்டிருந்தோம். நண்பரின் அப்பா அவற்றைத் தடவிப் பார்த்து, “சுமை ஏத்துன வண்டின்னா இப்படித்தான் இருக்கணும்” என்றார்.

மீட்டெடுத்த வண்டியைக் காட்டிவிட்டு மூடிவைத்தால் துரு திரும்பி வரும். போர்வைக்கு அடியில் ஈரம் தங்கும் என்பதை எவன்ஸின் துளியே சொல்கிறது. வாரம் ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள்; மழையில் நனைந்தால் அடிப்பக்கத்தைக் கழுவிக் காற்றாட விடுங்கள்.

அன்று பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் எங்கள் பிக்கப்பைச் சுற்றி வந்தார். கதவுக்குக் கீழே குனிந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்தார். நண்பர் சிரித்துக்கொண்டே, “தாராளமா வெச்சுப் பாருங்க அண்ணே” என்றார். ஒட்டியது.