கடன் கொடுத்த வங்கியிடம் யார் கணக்குக் கேட்பது?

போன மாதக் கூட்டத்தில் மண்புழு உரம் பற்றிப் பேசி முடித்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, எங்க தோட்டத்துல உயர்மின் கோபுரம் வரப்போகுதுன்னு கல்லு நட்டுட்டுப் போயிருக்காங்க. கேட்டா, இது வெளிநாட்டு வங்கிக் கடன்ல நடக்குற வேலை, உங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க. நெசமாவே ஒண்ணும் பண்ண முடியாதா?"

அங்கே யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. எனக்கும்தான். வீட்டுக்கு வந்து பல நாள் உட்கார்ந்து தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வங்கிகள் யாருடையவை என்று பார்ப்போம். உலக வங்கி 1944-ல் பேசி முடிவானது. மணிலாவில் இருக்கிற ஆசிய வளர்ச்சி வங்கி 1966-ல் தொடங்கியது. இவற்றின் முதலாளிகள் அரசாங்கங்கள்தான். இரண்டிலும் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. அதாவது நம்ம வரிப்பணமும் அதற்குள்ளே இருக்கிறது. பல அரசாங்கங்கள் பின்னால் நிற்பதால் உலகச் சந்தையில் இவர்களுக்குக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்கும். அதை நீண்ட காலத் தவணையில் வளரும் நாடுகளுக்குக் கடனாகக் கொடுப்பார்கள். மின் நிலையம் கட்டுவது தென்னந்தோப்பு வைப்பது மாதிரி. செலவு எல்லாம் முதலிலேயே, காய்ப்பு பல வருஷம் கழித்து. சாதாரண வங்கி அவ்வளவு காலம் பொறுக்காது. அங்கேதான் இவர்கள் வருகிறார்கள்.

உலக வங்கி அரசாங்கங்களுக்குக் கொடுக்கும். அதன் தங்கை நிறுவனமான சர்வதேச நிதிக் கழகம் (ஐ.எஃப்.சி.) தனியார் கம்பெனிகளுக்குக் கொடுக்கும். மொத்தச் செலவில் இவர்கள் பங்கு சின்னதாகக்கூட இருக்கலாம். ஆனால் கல்யாண வீட்டில் ஊர்ப் பெரியவர் முதல் மொய் எழுதினால் மற்றவர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள் இல்லையா, அந்தக் கதைதான். இவர்கள் கையெழுத்துப் போட்டால் மற்ற வங்கிகளுக்கும் தைரியம் வந்துவிடும்.

இது எப்படி நடக்கிறது என்பதற்குக் குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தில் உள்ள முந்த்ராவைப் பார்த்தால் போதும். கடலோரத்தில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம், டாடா பவரின் துணை நிறுவனம் கட்டியது. திட்ட மதிப்பு 400 கோடி டாலருக்கு மேல். 2008-ல் ஐ.எஃப்.சி. 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தது. நாட்டுக்கு மலிவு மின்சாரம், ஐந்து மாநிலங்களுக்குப் பயன் என்றார்கள். யூனிட் 2 ரூபாய் 26 காசு என்று ஒப்பந்தம்.

அந்தக் கரையோரம் வெறும் பொட்டல் இல்லை. மழைக்காலம் போக மீதி மாதங்களில் மீனவக் குடும்பங்கள் கரைக்கே குடிவந்து, குடிசை போட்டு மீன் பிடித்துக் காயவைக்கும் இடங்கள் அவை. 'பந்தர்' என்பார்கள். படகில்லாமல் முழங்கால் தண்ணீரில் நடந்தே வலை போடுகிறவர்களும் உண்டு. உள்ளே தள்ளினால் பேரீச்சை, சப்போட்டாத் தோப்புகள். கட்ச் பேரீச்சைக்கு 2024-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த மண்ணில் அது பரம்பரைப் பயிர்.

நிலையத்தைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை வாய்க்கால் வெட்டி உள்ளே இழுத்து, சூடான தண்ணீரைத் திரும்பக் கடலில் விட்டார்கள். சூட்டுத் தண்ணீர் வந்ததும் மீன் கரையை விட்டுப் போய்விட்டது என்றார்கள் மீனவர்கள். காயப்போட்ட மீன் மேல் நிலக்கரித் தூசியும் சாம்பலும் படிகிறது என்றார்கள். உப்புத் தண்ணீர் நிலத்தடியில் ஏறிக் கிணறு கெட்டுவிட்டது, தோப்பு போகிறது என்றார்கள் விவசாயிகள். கிணறு உப்பாகிப்போவது என்றால் என்னவென்று கடலோரத்து உழவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இங்கேதான் நம்ம தம்பியின் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. இந்த வங்கிகள் கடன் கொடுக்கும்போது தங்களுக்கென்று எழுதி வைத்த விதிகள் உண்டு. யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும், அவர்களிடம் பேச வேண்டும், பிழைப்புப் போனால் ஈடுகட்ட வேண்டும். அந்த விதி மீறப்பட்டால் புகார் வாங்க வங்கிக்குள்ளேயே தனிப் பிரிவும் இருக்கிறது. அது யாரும் பெருந்தன்மையாகக் கொடுத்ததில்லை. சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985-ல் 45 கோடி டாலர் கொடுத்தது. நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள் விடாமல் போராடினார்கள். வங்கியே ஒரு தனிக்குழு போட்டது. அந்தக் குழு 1992-ல் வங்கியின் குறைகளை வெளிப்படையாக எழுதியது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. அதே ஆண்டில்தான் உலக வங்கியின் விசாரணைக் குழு பிறந்தது.

முந்த்ரா மீனவர் சங்கம் 2011-ல் ஐ.எஃப்.சி.யின் புகார்ப் பிரிவுக்கு எழுதியது. 2013-ல் அறிக்கை வந்தது. பருவத்துக்கு வந்து தங்கும் மீனவர்களைப் பாதிக்கப்படுவோர் கணக்கில் சரியாகச் சேர்க்கவில்லை, அவர்களிடம் ஒழுங்காகக் கலந்து பேசவில்லை என்று வங்கியின் சொந்தப் பிரிவே எழுதியது. ஆசிய வளர்ச்சி வங்கியின் குழுவும் 2015-ல் விதி மீறல் நடந்ததைக் கண்டது. நடந்தே மீன் பிடிப்பவர்களின் வருமான இழப்பும் அதில் பதிவானது.

சரி, பிறகு? ஐ.எஃப்.சி. நிர்வாகம் பெரும்பாலான குறைகளை ஏற்கவில்லை. அறிக்கை அறிக்கையாகவே கிடந்தது.

மீனவர்களும் உழவர்களும் நவினால் ஊராட்சியும் சேர்ந்து 2015-ல் அமெரிக்க நீதிமன்றத்துக்கே போனார்கள், வங்கியின் தலைமையகம் வாஷிங்டனில்தானே. எங்கள் மேல் யாரும் வழக்கே போட முடியாது, சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்றது வங்கி. கீழே இரண்டு நீதிமன்றங்களும் அதை ஒத்துக்கொண்டன. 2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்ற கணக்கில் அதை மாற்றியது: இந்த அமைப்புகளுக்கு முழுப் பாதுகாப்புக் கிடையாது, வெளிநாட்டு அரசாங்கங்களுக்கு இன்று இருக்கிற அளவுதான். கட்ச் கடலோரத்து மக்கள் வாங்கிய தீர்ப்பு உலகம் பூராவும் செய்தியானது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. நடந்த விஷயமெல்லாம் இந்தியாவில்தான் நடந்தது, அதனால் இங்கே விசாரிக்க முடியாது என்று 2020-ல் தள்ளுபடி. 2021-ல் மேல்முறையீடும் போனது. 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி எடுக்க மறுத்துவிட்டது. பதினோரு வருஷம். நஷ்ட ஈடு ஒரு காசு அந்த வழக்கில் வரவில்லை.

அந்த மலிவு மின்சாரம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். நிலையம் முழுசாக ஓடுவதற்கு முன்பே அந்த நாடு நிலக்கரி விலை விதியை மாற்றிவிட்டது. 2 ரூபாய் 26 காசு கட்டுப்படியாகவில்லை, கம்பெனிக்கு நஷ்டம். கூடுதல் விலை கேட்டு நடந்த வழக்கில், விலை ஏறியதை எதிர்பாராத இடராக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2017-ல் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளை நம்பி வெள்ளாமை வைத்தவன் நிலைமை நமக்குத் தெரியாததா? மூட்டை விலையை ஏற்றுவது எங்கேயோ இருக்கிற ஒருத்தன்.

வங்கிகளும் மாறியிருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். 2013-ல் உலக வங்கி, மிக அரிதான நிலைமையில் தவிர நிலக்கரி மின் நிலையத்துக்குப் பணம் இல்லை என்றது. ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் நிலக்கரியை விட்டது. மத்தியப் பிரதேசம் ரேவாவில் 750 மெகாவாட் சூரிய மின் பூங்காவுக்கு ஐ.எஃப்.சி. ஆலோசகராக இருந்து ஏலத்தை நடத்த உதவியது. 2017-ல் முதல் வருஷ விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 97 காசு என்று வந்தது. இதில் கப்பலும் இல்லை, கரியும் இல்லை. ஆனால் சோலார் என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொள்ள என்னால் முடியாது. அதற்கும் நிலம் வேண்டும், அந்த மின்சாரம் போகக் கம்பி வேண்டும், கம்பிக்குக் கோபுரம் வேண்டும். தமிழ்நாட்டில் தெற்கே உள்ள மின்சாரத்தை மற்ற பகுதிகளுக்குக் கொண்டுபோகும் மின்பாதைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 45.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. பச்சை மின்சாரமும் யாரோ ஒருத்தர் காட்டு வழியாகத்தான் போகிறது.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது இது. முதலில் உங்கள் மின்பாதைக்கு யார் கடன் என்று தெரிந்துகொள்ளுங்கள். வங்கிகள் தங்கள் திட்ட ஆவணங்களை வெளியிடுகின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் மின் வாரியத்தையும் கேட்கலாம். அந்த ஆவணத்தில் உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா, கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்ததாக எழுதியிருக்கிறார்களா, மரத்துக்கு என்ன ஈடு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நடக்காத கூட்டம் நடந்ததாக இருந்தால் அதுவே புகாருக்கு முதல் வரி. புகாரைத் தமிழிலேயே எழுதலாம், காசு கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை, பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம். ஐ.எஃப்.சி. பிரிவுக்கு ஒருத்தர் எழுதினாலும் போதும். உலக வங்கிக்கும் ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். முதலில் திட்டத்தைக் கவனிக்கும் வங்கி அதிகாரிகளுக்கு எழுதிவிட்டு அந்த நகலை வைத்துக்கொள்ள வேண்டும், அது இல்லாமல் மணிலாவில் எடுக்க மாட்டார்கள்.

இந்தப் புகார் வேலையை நிறுத்திவிடாது, ஈட்டுத் தொகை வாங்கித் தந்துவிடாது. முந்த்ராவில் பார்த்தோமே. ஆனால் அங்கே புகார் போனபோது கடன் கொடுத்து மூன்று வருஷம் ஆகி, நிலையமும் எழும்பிவிட்டது. தம்பி தோட்டத்தில் இன்னும் கல் மட்டும்தான் நட்டிருக்கிறார்கள். கோபுரம் எந்த வரப்பில் நிற்பது என்று பேச இடம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் கடிதம் எழுதினோம். கிணற்றுக்கும் கல்லுக்கும் எத்தனை அடி, எத்தனை தென்னை, எந்த வருஷம் வைத்தது, எல்லாம் அளந்து எழுதியாயிற்று. ஏழு கையெழுத்து விழுந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து அக்கா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், புதன்கிழமை வந்ததும் எட்டாகும்.